கன்ட்ரோலும் சாய்கோடும்: கமெண்ட் நிலைமாற்றி எந்த விதிப்படி இயங்குகிறது?

பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் மூன்று சிக்கல்களை ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தார். விஷுவல் ஸ்டுடியோ கோட் என்ற நிரல் எடிட்டரில் பத்து வரிகளைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் விசையோடு சாய்கோட்டை அழுத்தினால், சில வரிகளின் முன்னால் கமெண்ட் குறி (அந்த வரியை இயக்காமல் விடச் சொல்லும் குறி) இரண்டு முறை விழுகிறது. பைத்தான் கோப்பில் கமெண்டை நீக்கிய பிறகு உள்தள்ளல் பிழை, அதாவது வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளி பற்றிய பிழை, வருகிறது. தமிழ்99 விசைப்பலகை இயங்கும்போது சில நேரம் குறுக்குவிசை வேலையே செய்வதில்லை. இவற்றுக்கு இடம் தராத, நம்பகமான வேறொரு குறுக்குவிசை உண்டா என்பது அவருடைய கேள்வி.

குறுக்குவிசையை மாற்றத் தேவையில்லை என்பதே என் பதில். முதல் சிக்கல் பிழையே அல்ல. அது நன்கு யோசித்து வைக்கப்பட்ட ஒரு விதியின் விளைவு. இரண்டாவது, பெரும்பாலும் குறுக்குவிசையையும் கையால் அழிப்பதையும் கலந்து பயன்படுத்துவதால் வருகிறது. மூன்றாவது மட்டுமே உண்மையான தடை. அதற்குத் தீர்வு உண்டு.

ஒரே விசையால் கமெண்டைச் சேர்க்கவும் நீக்கவும் செய்யும் இந்த நிலைமாற்றியின் விதியைப் பார்ப்போம். நீங்கள் குறுக்குவிசையை அழுத்தியதும் எடிட்டர் தேர்ந்தெடுத்த வரிகள் எல்லாவற்றையும் முதலில் ஒருமுறை படித்துப் பார்க்கிறது. வெற்று வரிகளை அது கணக்கில் எடுப்பதில்லை. மீதி வரிகள் ஒன்றுவிடாமல் கமெண்ட் குறியோடு தொடங்கினால், எல்லாவற்றிலிருந்தும் அந்தக் குறியை நீக்குகிறது. ஒரே ஒரு வரி குறி இல்லாமல் இருந்தாலும், எல்லா வரிகளுக்கும் குறியைச் சேர்க்கிறது. ஏற்கெனவே கமெண்டாக இருந்த வரிக்கும் இன்னொரு குறி விழுவது இதனால்தான். அதாவது முடிவு வரிக்கு வரி எடுக்கப்படுவதில்லை. தேர்வு முழுவதற்கும் சேர்த்து ஒரே முடிவுதான்.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு:

மொத்தம் = விலை * எண்ணிக்கை;
// தள்ளுபடியை வரிக்கு முன்பே கழிக்க வேண்டும்
மொத்தம் = மொத்தம் - தள்ளுபடி;

இந்த மூன்று வரிகளையும் தேர்ந்தெடுத்து அழுத்தினால் கிடைப்பது இது:

// மொத்தம் = விலை * எண்ணிக்கை;
// // தள்ளுபடியை வரிக்கு முன்பே கழிக்க வேண்டும்
// மொத்தம் = மொத்தம் - தள்ளுபடி;

நடு வரியில் உள்ள இரட்டைக் குறி பார்க்க அழகாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் மீண்டும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மூன்று வரிகளும் கமெண்டாக இருப்பதால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரே ஒரு குறி மட்டும் நீங்குகிறது. தள்ளுபடியைப் பற்றிய விளக்கம் விளக்கமாகவே மிஞ்சுகிறது. அந்த இரண்டாவது குறிதான், "இந்த வரி முன்பே கமெண்டாக இருந்தது" என்ற செய்தியைத் தாங்கி நிற்கிறது. அதைத் தவிர்த்துவிட்டு எடிட்டர் ஒற்றைக் குறியோடு நிறுத்தியிருந்தால், நீக்கும்போது விளக்கமும் நிரலாக மாறி, கம்பைலர் அந்தத் தமிழ் வாக்கியத்தைக் கட்டளை என்று எண்ணித் தடுமாறியிருக்கும். ஆகவே இரட்டைக் குறியைக் கண்டதும் அதைக் கையால் "சரிசெய்ய" வேண்டாம். அப்படிச் செய்தால்தான் திரும்பி வரும் வழி அடைபடும்.

வேறொரு வகைக் கட்டளையும் இருக்கிறது. அது ஒவ்வொரு வரியையும் தனித்தனியே பார்த்து, கமெண்டாக இருப்பதை நிரலாகவும் நிரலாக இருப்பதைக் கமெண்டாகவும் தலைகீழாக்கும். விம் எடிட்டருக்கான நெர்ட் கமெண்டர் என்ற செருகுநிரல் இதைத் தனிக் கட்டளையாகத் தருகிறது. ஒரு கணக்கின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி இயக்கிப் பார்ப்பவருக்கு அது பயன்படும். நாள்தோறும் நிரலில் விளக்கக் குறிப்புகள் எழுதுபவருக்கு அது ஆபத்தானது. ஏனெனில் தேர்வில் ஒரு விளக்க வரி சிக்கினாலும் அது நிரலாகிவிடும்.

சேர்ப்பதா நீக்குவதா என்பதை எடிட்டரின் முடிவுக்கு விடாமல் நீங்களே சொல்ல விரும்பினால், விஷுவல் ஸ்டுடியோ கோடில் அதற்கும் வழி உண்டு. கன்ட்ரோலை அழுத்தியபடியே கே, சி என்ற இரண்டு விசைகளையும் அடுத்தடுத்து அழுத்தினால் எப்போதும் குறி சேரும். கே, யு என்று அழுத்தினால் எப்போதும் குறி நீங்கும். பழைய விஷுவல் ஸ்டுடியோவில் பழகியவர்களுக்கு இந்த இணை கைவந்ததாக இருக்கும். நிலைமாற்றி இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். இருநூறு வரிகளைத் தேர்ந்தெடுத்து "எல்லாவற்றிலும் ஒரு அடுக்கை எடு" என்று சொல்ல விரும்பும்போது, இடையில் குறியில்லாத ஒரு வரி இருந்துவிட்டால் நிலைமாற்றி நீக்குவதற்குப் பதிலாக இன்னோர் அடுக்கைச் சேர்த்துவிடும். அந்த இடத்தில் இந்த இணைதான் கைகொடுக்கும்.

தேர்வின் எல்லையைப் பற்றியும் ஒரு சொல். ஷிஃப்ட் விசையோடு கீழ் அம்பை அழுத்தி வரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது கர்சர் அடுத்த வரியின் தொடக்கத்தில் போய் நிற்கும். அந்த வரியும் சேர்ந்துவிடுமோ என்று பலர் ஓர் அடி பின்வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். விஷுவல் ஸ்டுடியோ கோட் அந்தக் கடைசி வரியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன் முதல் எழுத்துக்கு முன்பே தேர்வு முடிவதால் விட்டுவிடுகிறது. ஒரே வரியை மாற்ற வேண்டுமென்றால் தேர்ந்தெடுக்கவே தேவையில்லை. கர்சர் அந்த வரியில் எங்கே இருந்தாலும் போதும்.

இனி பைத்தான் சிக்கல். குறி எந்த இடத்தில் விழுகிறது, அதன் பின் என்ன விழுகிறது என்ற இரண்டையும் கவனித்தால் இது விளங்கும். தேர்ந்தெடுத்த வரிகளில் எது மிகக் குறைவாக உள்தள்ளப்பட்டிருக்கிறதோ அந்த நெடுவரிசையில்தான் எல்லாக் குறிகளும் ஒரே நேர்கோட்டில் விழுகின்றன. அதைவிட ஆழமாக இருக்கும் வரிகளின் கூடுதல் இடைவெளி குறிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. அதோடு, எடிட்டர் # குறியை மட்டும் இடுவதில்லை. அதன் பின் ஓர் இடைவெளியையும் சேர்த்து இடுகிறது. பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8-ம் # குறிக்குப் பின் ஓர் இடைவெளி வேண்டும் என்றே சொல்கிறது. குறுக்குவிசையால் நீக்கும்போது எடிட்டர் குறியையும் அந்த ஓர் இடைவெளியையும் சேர்த்தே எடுத்துவிடுவதால் வரி பழைய இடத்துக்கு வந்துவிடும். நீங்கள் கையால் # ஐ மட்டும் அழித்தால் இடைவெளி மிஞ்சும்; நான்கு இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. பைத்தானில் உள்தள்ளலே இலக்கணம் என்பதால் நிரல் இயங்க மறுக்கும். இந்த இடைவெளி வேண்டாம் என்று நினைப்பவர்கள் அமைப்புகளில் "கமெண்ட்ஸ்: இன்செர்ட் ஸ்பேஸ்" என்பதை அணைத்துவிடலாம். அணைக்காமல், சேர்ப்பதையும் நீக்குவதையும் ஒரே விசையால் செய்யும் பழக்கமே நல்லது என்பேன்.

பைத்தானில் இன்னொரு வகை உள்தள்ளல் பிழையும் உண்டு. புதியவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புகிறார்கள். ஒரு நிபந்தனைக்கோ சுழற்சிக்கோ செயற்கூற்றுக்கோ உள்ளே இருக்கும் வரிகள் அனைத்தையும் கமெண்ட் ஆக்கிவிட்டால், பைத்தானின் பார்வையில் அந்த உடல் காலியாகிவிடுகிறது, ஏனெனில் கமெண்ட் ஒரு கட்டளை அல்ல. "உள்தள்ளப்பட்ட பகுதியை எதிர்பார்த்தேன்" என்ற பொருளில் பிழை வரும். அங்கே பாஸ் என்ற வெற்றுக் கட்டளையை ஒரு வரியாக இட்டால் போதும்.

பள்ளிகளில் பைத்தானை ஐடில் எடிட்டரில் கற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். விண்டோஸில் ஐடிலின் குறுக்குவிசை வேறு: ஆல்ட் விசையோடு 3 அழுத்தினால் கமெண்ட் சேரும், ஆல்ட் விசையோடு 4 அழுத்தினால் நீங்கும். அது இடுவது ஒற்றைக் குறி அல்ல, ## என்ற இரட்டைக் குறி. அங்கே கமெண்ட் ஆக்கிய கோப்பை விஷுவல் ஸ்டுடியோ கோடில் திறந்து கன்ட்ரோலையும் சாய்கோட்டையும் அழுத்தினால் ஒரு # மட்டுமே போகும். வரி இன்னும் கமெண்டாகவே இருக்கும். இன்னொரு முறை அழுத்த வேண்டும். ஒரு குழுவில் ஆளுக்கொரு எடிட்டர் பயன்படுத்தும்போது இப்படிப்பட்ட சிறு வேறுபாடுகள் நேரத்தை விழுங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

குறுக்குவிசையை அழுத்தியும் எதுவும் நடக்கவில்லை என்றால், விசைப்பலகையைச் சந்தேகிப்பதற்கு முன் எடிட்டரின் கீழ்ப்பட்டையில் எந்த மொழியின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கோப்பு எந்த மொழி என்று தெரிந்தால்தான் எந்தக் குறியை இடுவது என்று எடிட்டருக்குத் தெரியும். அங்கே "ப்ளெயின் டெக்ஸ்ட்" என்று இருந்தால் இடுவதற்குக் குறியே இல்லை. ஆகவே எதுவும் நடக்காது. கோப்பை உரிய பின்னொட்டோடு சேமித்தால் அல்லது மொழியைக் கையால் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஆகியவற்றில் வரிக் கமெண்ட் என்ற ஒன்றே கிடையாது என்பதால், அதே குறுக்குவிசை அங்கே தொகுதிக் கமெண்டை, அதாவது எச்டிஎம்எல்லில் <!-- --> ஐயும் சிஎஸ்எஸ்ஸில் /* */ ஐயும் இடுகிறது. எச்டிஎம்எல் கோப்புக்குள் ஜாவாஸ்கிரிப்ட் பகுதி இருந்தால், கர்சர் எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்த மொழியின் குறி விழும். தரவை எழுதிவைக்கும் ஜேசன் வடிவத்தின் நிலை வேறு. அந்த வடிவத்தின் இலக்கணத்தில் கமெண்டுக்கு இடமில்லை. எடிட்டர் // இட்டுக்கொடுத்தாலும் உடனே பிழையென்று அடிக்கோடிடும். கோப்பைப் படிக்கும் நிரல்கள் பலவும் அதை ஏற்காது.

தொகுதிக் கமெண்டுக்கு விண்டோஸில் ஷிஃப்ட், ஆல்ட், ஏ என்ற மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். லினக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஏ. ஒரு வரியின் நடுவே ஒரு சொல்லை மட்டும் மறைக்க இது நல்லது. பல வரிகளை மறைக்க நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. சி, சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் தொகுதிக் கமெண்டுக்குள் இன்னொரு தொகுதிக் கமெண்ட் அடங்காது. உள்ளே இருக்கும் முதல் */ வந்ததுமே வெளிக் கமெண்டும் முடிந்துவிடும், மீதி வரிகள் நிரலாக வெளியே நிற்கும். உள்ளே கமெண்டே இல்லாவிட்டாலும் இது நேரலாம்: கோப்புகளைத் தேடும் **/*.js போன்ற ஒரு கோலம் மேற்கோள் குறிக்குள் இருந்தால், அதில் உள்ள */ கமெண்டை மூடிவிடும். ரஸ்ட், ஸ்விஃப்ட், காட்லின் ஆகிய மொழிகள் உள்ளடங்கும் கமெண்டை அனுமதிக்கின்றன. மற்றவற்றில் வரிக்கு வரி // இடுவதே பாதுகாப்பு. இந்த // குறி 1967-ல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் வடிவமைத்த பிசிபிஎல் மொழியிலேயே இருந்தது; அதன் வழிவந்த சி மொழி அதைக் கைவிட்டது; சி++ மீட்டெடுத்தது; 1999-ஆம் ஆண்டுத் தரநிலையில்தான் சி மொழிக்குள் முறையாகத் திரும்பி வந்தது. பழைய சி நிரல்களில் அது தென்படாததற்கு இதுவே காரணம்.

தொகுதிக் கமெண்டை விரும்புபவர்களுக்கு, சி குடும்ப மொழிகளில் பழைய நிரலாளர்கள் கையாளும் ஒரு நுட்பம் உண்டு. எந்தக் குறுக்குவிசையும் இல்லாத இடத்தில்கூட அது இயங்கும்:

//*
பழைய_கணக்கு();
/*/
புதிய_கணக்கு();
//*/

இப்போது இருக்கும் நிலையில் முதல் வரி வெறும் வரிக் கமெண்ட். ஆகவே பழைய கணக்கு இயங்கும். மூன்றாம் வரி ஒரு தொகுதிக் கமெண்டைத் திறக்கிறது, கடைசி வரி அதை மூடுகிறது. புதிய கணக்கு மறைந்திருக்கும். முதல் வரியின் முதல் சாய்கோட்டை மட்டும் அழித்துவிடுங்கள். அது /* ஆகிவிடுவதால் பழைய கணக்கு மறையும், மூன்றாம் வரியில் உள்ள */ அதை மூடும், புதிய கணக்கு இயங்கத் தொடங்கும். ஒரே ஓர் எழுத்தால் இரண்டு பகுதிகளும் இடம் மாறிக்கொள்கின்றன. இரண்டு வழிமுறைகளின் வேகத்தை ஒப்பிட்டுப் பார்க்கும்போது நான் இதை இன்றும் பயன்படுத்துகிறேன்.

குறுக்குவிசை சரியாகவே வேலை செய்தும் நிரலின் பொருள் மாறிவிடும் இடங்களும் உள்ளன. அவற்றுள் மிகவும் தீங்கானது, கணினிக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்டில் வருகிறது. ஒரு நீண்ட கட்டளையைப் பல வரிகளாக உடைத்து, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் \ இட்டு எழுதுவது வழக்கம். அந்தக் கட்டளையின் நடு வரி ஒன்றை மட்டும் கமெண்ட் ஆக்கினால், அந்த ஒரு விருப்பம் மட்டும் நீங்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடப்பது வேறு. முந்தைய வரியின் \ இந்த வரியை இழுத்துத் தன்னோடு இணைத்துக்கொள்கிறது. # வந்ததும் அந்த வரியின் முடிவு வரை கமெண்டாகிறது. கமெண்டுக்குள் இருக்கும் \ க்கு எந்தப் பொருளும் இல்லாததால் கட்டளை அங்கேயே முடிந்துவிடுகிறது. அடுத்த வரி தனியொரு கட்டளையாக இயங்க முயல்கிறது. காப்புநகல் எடுக்கும் ஒரு ஸ்கிரிப்டில் "இவற்றைத் தவிர்" என்று சொல்லும் வரிகளுக்கு மேலே இருந்த ஒரு வரியை இப்படி நான் மறைத்தேன். தவிர்க்கச் சொன்ன கோப்புகள் அனைத்தும் நகலாகி வட்டு நிரம்பிய பிறகே காரணம் புரிந்தது. அத்தகைய வரியைக் கமெண்ட் ஆக்காதீர்கள்; வெட்டியெடுத்து முழுக் கட்டளைக்கும் மேலே கொண்டுபோய் ஒட்டி, அங்கே கமெண்ட் ஆக்குங்கள்.

சி மொழியில் இதற்கு நேர்மாறானது உண்டு. // கமெண்டின் கடைசி எழுத்து \ ஆக இருந்தால் அடுத்த வரியும் கமெண்டாகிவிடும். விண்டோஸ் கோப்புறையின் பாதையை ஒரு விளக்கத்தில் எழுதி, அது \ இல் முடிந்தால், கீழே இருக்கும் கட்டளை ஓசையில்லாமல் காணாமல் போகும். பைத்தானில் மூன்று மேற்கோள் குறிகளுக்கு இடையே உள்ள பல வரி உரையில் குறுக்குவிசையை அழுத்தினால் # அந்த உரையின் பகுதியாகவே சேரும். அங்கே அது கமெண்ட் ஆகாது.

மற்ற எடிட்டர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சப்லைம் டெக்ஸ்ட், எக்லிப்ஸ், ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள், ஜூபிட்டர், கூகுள் கொலாப் ஆகிய அனைத்திலும் கன்ட்ரோலும் சாய்கோடும்தான். மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதிலாக கமாண்ட். நோட்பேட்++ இல் கன்ட்ரோலும் கியூவும். ஈமேக்ஸில் மெட்டா விசையோடு (பெரும்பாலும் ஆல்ட்) அரைப்புள்ளி. தேர்வு இருந்தால் அதற்கேற்பச் சேர்க்கும் அல்லது நீக்கும், தேர்வு இல்லாவிட்டால் வரியின் கடைசியில் ஒரு கமெண்டைத் தொடங்கித் தரும். விம்மில் இதற்கு நெடுங்காலம் செருகுநிரலே துணை. விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் எடிட்டரில், 2024-ல் வந்த 0.10 பதிப்பு முதல் ஜி, சி, சி என்று அடுத்தடுத்துத் தட்டினால் நடப்பு வரியை மாற்றும் வசதி உள்ளேயே வந்துவிட்டது.

மறைத்த நிரலை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று கேள்வியில் இல்லை. ஆனாலும் இரட்டைக் குறிகள் நிறைந்த கோப்பை அந்த மாணவர் காட்டியதால் சொல்கிறேன். நிலைமாற்றி ஒரு பிழையைத் தேடும் அரை மணி நேரத்துக்கானது. நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் பதிவு செய்வதற்கு முன் அந்த வரிகளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், அல்லது அழித்துவிடுங்கள். பழைய வடிவம் களஞ்சியத்தின் வரலாற்றில் இருக்கிறது. மறைந்து கிடக்கும் நிரலை யாரும் இயக்கிச் சோதிப்பதில்லை. சுற்றியுள்ள மாறிகளின் பெயர்கள் மாறும்போது அது மாறாமல் நிற்கும். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்தால் அது இயங்காது, ஏன் மறைக்கப்பட்டது என்பதும் யாருக்கும் நினைவிருக்காது. தவிர்க்க முடியாமல் விட்டுவைக்க நேர்ந்தால், மேலே ஒரு வரியில் காரணத்தை எழுதுங்கள்.

கடைசியாகத் தமிழ் விசைப்பலகை. தமிழ்99 முறையில் சாய்கோட்டு விசையில் இருப்பது ழ. இன்ஸ்கிரிப்ட் முறையில் அதே விசையில் ய. குறுக்குவிசையை அடையாளம் காணும்போது சில நிரல்கள் விசையின் இடத்தைப் பார்க்கின்றன, சில நிரல்கள் அது தரும் எழுத்தைப் பார்க்கின்றன. எழுத்தைப் பார்க்கும் நிரலுக்கு நீங்கள் அழுத்தியது கன்ட்ரோலும் ழகரமும். அப்படியொரு கட்டளை அதனிடம் இல்லை. இது தமிழுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஜெர்மன் விசைப்பலகையில் சாய்கோடு 7-க்கு மேல், ஷிஃப்ட் அழுத்தினால்தான் வரும். அதனால் அங்கே விஷுவல் ஸ்டுடியோ கோட் கன்ட்ரோலையும் # ஐயும் பயன்படுத்துகிறது.

லினக்ஸில் இந்தத் தடை வந்தால், அமைப்புகளில் "கீபோர்டு: டிஸ்பேட்ச்" என்பதைத் தேடி, அதன் மதிப்பைக் "கீகோட்" என்று மாற்றி, எடிட்டரை மூடித் திறந்து பாருங்கள். அழுத்திய விசையை எடிட்டர் எப்படிப் புரிந்துகொள்கிறது என்று பார்க்க, கட்டளைப் பலகையில் (கமாண்ட் பேலட்) "டாகிள் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங்" என்ற கட்டளை இருக்கிறது. அதை இயக்கிவிட்டு ஒருமுறை அழுத்தினால் வந்து சேர்ந்த விசை, அதற்குக் கிடைத்த கட்டளை இரண்டும் பதிவாகும். எண்பலகையில் உள்ள சாய்கோடு விஷுவல் ஸ்டுடியோ கோடுக்கு வேறு விசை என்பதையும் அப்போது காண்பீர்கள். இவை எதுவும் பலிக்காவிட்டால், கன்ட்ரோலை அழுத்தியபடியே கே, எஸ் அழுத்திக் குறுக்குவிசைப் பட்டியலைத் திறந்து, "டாகிள் லைன் கமெண்ட்" என்பதற்கு எஃப் வரிசையில் நீங்கள் பயன்படுத்தாத ஒரு விசையைக் கூடுதலாக இணைத்துவிடுங்கள். எஃப் விசைகள் எந்த மொழி விசைப்பலகையிலும் எழுத்து எதையும் தருவதில்லை. ஆகவே தமிழில் விளக்கம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றாமல், வரியை மறைக்கவும் மீட்கவும் முடியும்.